இரவும் ஓர் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்றைய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருளாக ஒன்று இடம்பெற்றுள்ளது. நம் ஊரைச் சேர்ந்த ஒரு நல்லுள்ளம், நமது மினாராவையும் குப்பாவையும் இரவு முழுவதும் வண்ண ஒளியில் குளிப்பாட்டும் விளக்குகளைத் தம் சொந்தச் செலவில் அமைத்துத் தர முன்வந்திருக்கிறது. அவருடைய எண்ணத்தில் மாசு இல்லை. பள்ளியின் மீது அவர் கொண்ட பற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும் முன் சில செய்திகளை உங்கள் முன் வைப்பது நமது கடமை என்று கருதுகிறோம். இப்போது மினாராவில் எரியும் வெள்ளை விளக்குகளைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு கேட்டு வாங்கியவர்களில் நாமும் ஒருவர். எனவே இங்கே சொல்லப்படும் குறை முதலில் நம்மையே சாரும்.

புயல் காட்டிய வானம்

2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, உப்பளங்கள் ஏரியாக மாறின. மின்சாரம் இல்லாமல் இரவுகளைக் கழித்தோம். அத்துயரத்தின் நடுவே மழை ஓய்ந்து மேகம் விலகிய ஓர் இரவில், இஷா தொழுகையை முடித்துப் பள்ளியின் மேல்தளத்திற்கு ஏறினோம். டிசம்பர் 1ஆம் நாள்தான் அமாவாசை. பிறை தோன்றி அப்போதே மறைந்திருந்தது. ஊரில் ஒரு விளக்கும் இல்லை.

தலையை உயர்த்தியபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை. கிழக்கே ஆறாமீன் ஆறும் தனித்தனியாகத் தெரிந்தன. வடக்கே பால்வீதி மெல்லிய புகைபோல் வளைந்து கிடந்தது. அதற்குச் சற்று மேலே ஒரு மங்கிய வெண்திட்டு. அது என்னவென்று எமக்குத் தெரியும். ஏறத்தாழ கி.பி. 964இல் பாரசீகத்தின் இஸ்ஃபஹான் நகரில் வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன்களைப் பற்றி எழுதிய நூலில், ஒரு சிறு மேகம் என்று குறித்து வைத்தது அதைத்தான். இன்றைய அறிவியல் அதை ஆண்ட்ரோமெடா என்னும் மற்றொரு நட்சத்திர மண்டலம் என்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் வெறுங்கண்ணால் கண்டதை, நம் ஊரின் குழந்தைகள் காண ஒரு புயல் வரவேண்டியிருந்தது.

எம்முடன் மேலே வந்திருந்த சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத், இதெல்லாம் புயல் கொண்டுவந்ததா?" என்று கேட்டான். இல்லை, எப்போதும் இங்கேதான் இருந்தன என்று சொன்னோம். "அப்போ ஏன் தெரியல?" என்றான். அவனுக்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. ஏனெனில் அவற்றை மறைத்த விளக்குகளில் சில எம் தலைக்கு மேலேதான் பொருத்தப்பட்டிருந்தன.

மறைந்துபோன சுப்ஹு

மதரஸாவில் ஓதிய காலத்தில் எம் உஸ்தாத் எங்களை வைகறைக்கு முன் எழுப்பி ஊருக்கு வெளியே வயல்வெளிக்கு அழைத்துச் செல்வார். கிதாபில் படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவரது பிடிவாதம். முதலில் கீழ்வானில் செங்குத்தாக ஓர் ஒளி எழும். அது சுப்ஹு காதிப், அதாவது பொய் வைகறை. அதைக் கண்டு ஸஹரை நிறுத்த வேண்டியதில்லை, ஃபஜ்ரும் தொழக் கூடாது. பின்னர் அடிவானத்தை ஒட்டி இடமும் வலமுமாகப் பரவும் வெண்மையே சுப்ஹு ஸாதிக், உண்மை வைகறை. ஞாயிற்றைச் சுற்றி விண்வெளியில் பரவிக் கிடக்கும் நுண்தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியே அந்தப் பொய் வைகறை என்று அறிவியல் விளக்குகிறது. நிலவில்லாத, விளக்கில்லாத வானில் மட்டுமே அது தெரியும்.

நம் ஊரில் இமாமாகப் பொறுப்பேற்ற பின் அந்த ஒளியை நாம் பார்த்ததில்லை. புயலுக்குப் பின் அந்த வாரத்தில்தான், மின்சாரம் இல்லாத ஒரு விடியலில், கடல் இருக்கும் திசையில் அது எழக் கண்டோம். இத்தனை ஆண்டுகளாகச் சுவரில் தொங்கும் நேர அட்டவணையை மட்டுமே பார்த்து ஃபஜ்ருக்கு நின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அட்டவணை தவறு என்று சொல்ல வரவில்லை. அதன் கணக்கு நமக்குப் பெரிய உதவி. ஆனால் அக்கணக்கு எதைக் குறிக்கிறதோ அதை ஒரு தலைமுறை ஒருமுறைகூடக் காணாமல் வளருமானால், அது சிறிய இழப்பன்று. ஷஅபான் 29இன் மாலையில் பிறை பார்க்க நிற்கும்போதும் இதே நிலைதான். மேல்வானில் மெல்லிய கீற்றைத் தேடும் கண்கள், அருகிலுள்ள விளக்குகளின் கூச்சத்தில் தடுமாறுகின்றன.

உப்பளத்தில் உழைத்து முதிர்ந்த நம் ஜமாஅத்தார் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "எங்க காலத்துல கடிகாரம் ஏது ஹஜ்ரத்? விடிவெள்ளி பார்த்துத்தான் பாத்தியில எறங்குவோம். நிலாக் காலத்துல விளக்கே வேணாம், உப்பே வெளிச்சம் காட்டும்" என்றார். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டிய அம்மக்களுக்கு இரவு பகையாக இருந்ததில்லை. இரவைப் படிக்க அவர்கள் கற்றிருந்தார்கள்.

வெளிச்சம் எவ்வாறு வரம்பு மீறியது?

இது மரக்காணத்தின் கதை மட்டுமன்று. 2016இல் வெளியான உலக இரவு வான வரைபடம் ஒன்று, உலக மக்களில் 100க்கு 80 பேருக்கு மேல் விளக்கொளியால் மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்கின்றனர் என்றும், மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோர் பால்வீதியைக் காண இயலாதவர்கள் என்றும் கண்டது. பொதுமக்களே விண்மீன்களை எண்ணி அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, 2011 முதல் 2022 வரை இரவு வானம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு வெளுத்து வந்ததாகக் கூறுகிறது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன்கள் தெரிந்த இடத்தில், அது 18 வயதை அடையும்போது 100 மட்டுமே தெரியும் என்பது அக்கணக்கின் பொருள்.

இதற்கு ஒரு காரணம் எல்.இ.டி. விளக்கு. அது நல்ல கண்டுபிடிப்பே. குறைந்த மின்சாரத்தில் அதிக ஒளி தருகிறது. நம் நாட்டிலும் 2015இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாற்றப்பட்டன. ஆனால் மனித இயல்பு ஒன்றுண்டு. ஒரு பொருள் மலிவானால் அதை அளவுக்கு மேல் பயன்படுத்துவோம். ஒரு விளக்கு எரிந்த இடத்தில் நான்கு எரிந்தன. நான்கு மணி நேரம் எரிந்தது விடியும்வரை எரிந்தது. மேலும், பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைவிடப் புதிய வெள்ளை விளக்குகளில் நீல ஒளி அதிகம். பகல் வானம் நீலமாகத் தெரிவதற்கு எது காரணமோ, அதே காரணத்தால் நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது.

வானத்தை ஆய்வோர் இதை முன்னரே உணர்ந்தனர். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தின் பணி, 1899இல் கொடைக்கானல் மலைக்குப் பெயர்ந்தது. பின்னர் வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையின் காவலூரில் ஆய்வகம் எழுந்தது. 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. தெளிந்த வானையும் இருளையும் தேடி அறிஞர்கள் மலையேறினர். லடாக்கின் ஹான்லே பகுதியோ 2022இல் இருள் வானக் காப்பிடமாகவே அறிவிக்கப்பட்டது. காட்டையும் நீரையும் காப்பதுபோல் இருளையும் சட்டமிட்டுக் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

இரவை ஓர் ஆடையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் ஆக்கியிருப்பதாக அல்லாஹ் தன் திருமறையில் நினைவூட்டுகிறான் என்பதை நாம் அறிவோம். அந்த ஆடை கிழிந்தால் உடல் என்னவாகும் என்பதை மருத்துவ அறிவியல் இன்று விளக்குகிறது. நம் உடலின் உயிரணுக்களுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியுடைய கடிகாரம் ஒன்று இயங்குகிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருள் கவியும்போது மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் செய்தி சொல்வது அதுவே. நம் விழித்திரையில் காட்சியைக் காண்பதற்கான அணுக்கள் மட்டுமின்றி, பகலா இரவா என்று அளந்து மூளைக்கு அறிவிக்கும் வேறு வகை அணுக்களும் உள்ளன. அவை நீல ஒளிக்கே மிகுதியாக விழித்துக்கொள்கின்றன. படுக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞனின் கண்ணும், சன்னல் வழியே தெருவிளக்கு விழும் அறையில் படுத்திருக்கும் முதியவரின் கண்ணும் மூளைக்கு அனுப்பும் செய்தி ஒன்றுதான்: இன்னும் பொழுது சாயவில்லை. மெலடோனின் குறைகிறது, உறக்கம் தள்ளிப்போகிறது. தொடர்ந்து உறக்கம் கெட்டவர்களுக்கு உடல் பருமன், நீரிழிவு, இரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியன எளிதில் வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. வயிற்றுப்பாட்டுக்காக இரவில் உழைக்கும் நம் பிள்ளைகளை இது அச்சுறுத்துவதற்கன்று. பகலில் அவர்கள் உறங்கும் அறையையேனும் இருட்டாக வைத்துக் கொடுங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்ளவே சொல்கிறோம்.

உறங்கச் செல்லும் முன் விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதை அவர்கள் விரும்பவில்லை என்பதையும் அறிவோம். இன்று திரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனால் தேவை முடிந்த விளக்கை அணைக்கும் அந்த ஒழுக்கத்தின் பயன் இன்னும் முடியவில்லை.

வாயில்லா உயிர்கள்

நம் பள்ளியின் மோதினார் ஒவ்வொரு நாளும் ஃபஜ்ருக்கு முன் துடைப்பத்துடன் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? மினாராவின் அடியிலும் ஹவுளின் ஓரத்திலும் குவிந்து கிடக்கும் பூச்சிகளை வாருவதுதான். மழைக்காலத்தில் ஒரு கூடை நிறையும். விளக்கின் மீது ஆசைப்பட்டு விட்டில் விழுகிறது என்று கவிஞர்கள் பாடினார்கள். உண்மை அவ்வாறன்று என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூச்சிகள் இரவில் பறக்கும்போது ஒளி மிகுந்த வானத்தின் பக்கம் தம் முதுகைத் திருப்பி நிலைகொள்கின்றன. செயற்கை விளக்கின் அருகே வந்ததும் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் அதையே சுற்றிச் சுழன்று ஓய்ந்து விழுகின்றன. அவற்றை விழச் செய்தது ஆசையன்று. நாம் மாட்டிய பொய் வானம். இதனால் இழப்பு நமக்கும் உண்டு. சுவிட்சர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், விளக்கு வைத்த புல்வெளிகளில் இரவுப் பூச்சிகள் மலர்களை நாடி வருவது 62 விழுக்காடு குறைந்தது. மலரை நாடும் பூச்சி இல்லையேல் காய் இல்லை.

நம் ஊரை ஒட்டிய கழுவேலி ஈரநிலம் 2021 டிசம்பரில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்நீர்ப்பரப்பு 2024 ஆகஸ்டில் உலகச் சிறப்புமிக்க ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. வலசைப் பறவைகளில் பலவும் இரவில்தான் பறக்கின்றன; விண்மீன்களையும் வழிகாட்டியாகக் கொள்கின்றன. அஸ்ஸாமின் ஜதிங்கா என்னும் சிற்றூரில், மழைக்காலத்தின் முடிவில் மூடுபனி சூழ்ந்த நிலவில்லா இரவுகளில் பறவைகள் விளக்கொளியை நோக்கி வந்து நிலைகுலைந்து விழுவது உலகறிந்த செய்தி. பல ஆயிரம் மைல் கடந்து நம்மிடம் விருந்தாளியாக வரும் பறவைக்கு, வாசலிலேயே கண்கூசச் செய்வது விருந்தோம்பலாகாது.

கடற்கரையில் நிகழ்வது இதனினும் வருத்தத்திற்குரியது. சனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி வந்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை மணலில் இட்டுச் செல்கின்றன. ஏறத்தாழ 50 நாட்களில் குஞ்சுகள் இரவு நேரத்தில் வெளிவருகின்றன. அவற்றுக்கு வழிகாட்ட தாய் அங்கே இல்லை. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் செல் என்பதே அவற்றுக்குப் படைத்தவன் அளித்த அறிவு. இருண்ட கரையில் விண்ணொளி பட்டு மின்னும் கடலே வெளிச்சமான பக்கம்; ஆகவே அவை கடலைச் சேர்ந்தன. இன்றோ விடுதிகளும் பண்ணைகளும் சாலைகளும் கடலைவிட ஒளிர்கின்றன. கரையோரக் குப்பத்தைச் சேர்ந்த மீனவ அன்பர் ஒருவர் எம்மிடம் சொன்னார்: "கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு ரோட்டப் பாத்து நடக்குது பாய். நாய் தின்னது போக, வண்டியில நசுங்குனது போக, வெயில்ல காய்ஞ்சது மிச்சம்."

2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இறந்து ஒதுங்கின. அதற்கு இழுவை வலைகளில் சிக்கி மூச்சு முட்டியதே பெருங்காரணமாகச் சொல்லப்பட்டது. விளக்கின் மீது அப்பழியைப் போட முடியாது. ஆனால் தாய்களை அவ்வளவு இழந்த இனத்தின் குஞ்சுகளையாவது கடலுக்கு அனுப்ப வேண்டாமா? சென்னையில் 1988 முதல் மாணவர்களும் இளைஞர்களும் இரவு முழுவதும் கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகின்றனர். வனத்துறையும் பொரிப்பகங்கள் அமைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. அவர்கள் ஊரார் உறங்கும் நேரத்தில் செய்யும் அந்தத் தொண்டுக்கு, ஒரு பொத்தானை அணைப்பதன் மூலம் நாமும் துணைநிற்க முடியும்.

அண்டை வீட்டின் சன்னல்

இனிச் சொல்லப்போவது எம்மை மிகவும் வெட்கப்படச் செய்த செய்தி. பள்ளியின் வடபுறம் வசிக்கும் மூதாட்டியை நீங்கள் அறிவீர்கள். அவர் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். பெருநாள் தோறும் நம் வீட்டுப் பிள்ளைகள் அவருக்குப் பிரியாணி கொண்டு செல்வர். சென்ற மாதம் அவருக்கு உடல்நலமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கச் சென்றோம். பகல் பொழுதிலும் அவரது சன்னலில் ஒரு தடித்த கம்பளி ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. காற்று வராதே அம்மா, இதை ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டோம். முதலில் அவர் சொல்லவில்லை. மருமகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். மினாராவின் விளக்கு நேராக அவர் கட்டிலில் விழுகிறது. பத்து ஆண்டுகளாக இப்படித்தான் என்று. ஏன் எம்மிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். மூதாட்டி சொன்ன பதில் இதுதான்: "பள்ளிவாசல் வெளிச்சத்தப் போயி எப்படிங்க பாய் கொறை சொல்றது?"

பெருமக்களே! அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி இந்த மிம்பரில் நின்று எத்தனை முறை பேசியிருக்கிறோம்! பள்ளியின் மீது அவர் வைத்த மரியாதையே அவர் வாயை அடைத்தது. அந்த மரியாதைக்கு நாம் செய்த கைம்மாறு, கோடைக்காலத்திலும் காற்றில்லாமல் கம்பளிக்குள் உறங்க வைத்தது. மறுமையில் இதைப் பற்றி நாம் கேட்கப்பட்டால் என்ன விடை சொல்வோம்?

எழக்கூடிய ஐயங்கள்

விளக்கில்லாவிட்டால் பெண்களும் குழந்தைகளும் எவ்வாறு நடமாடுவது, பாம்பு பூச்சிக்கு அஞ்ச வேண்டாமா, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து நேராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விகள். நாம் இருட்டில் வாழுங்கள் என்று சொல்லவில்லை. நடக்கும் பாதைக்கு ஒளி வேண்டும்; அது பாதையின் மீது விழ வேண்டும். கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு வழியைக் காட்டுவதில்லை. அதற்குப் பின்னால் நிற்பவனை மறைக்கவும் செய்கிறது. மேற்புறம் மூடிய, தரையை நோக்கிய, இளமஞ்சள் நிறமுள்ள சிறிய விளக்கு, அண்ணாந்து எரியும் பெரிய வெள்ளை விளக்கைவிட நன்றாக வழிகாட்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேற்படாத நிறத்தில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. விளக்கு வாங்கும்போது பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் இந்த எண்ணைப் பாருங்கள். 2,700 அல்லது 3,000 என்றிருந்தால் மஞ்சள்; 6,500 என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை.

பள்ளிக்கு விளக்கேற்றுவது நன்மையன்றோ என்றும் கேட்கலாம். ஆம், நன்மையே. மஸ்ஜிதில் முதன்முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் என்று ஹதீஸ் நூலில் வருகிறது. அவர்கள் ஏற்றியது தொழுவோருக்காக, பள்ளியின் உள்ளே. மினாரா என்னும் சொல்லுக்கே ஒளியின் இடம் என்றுதான் பொருள் என்பாரும் உண்டு. அதுவும் சரியே. கடலில் இருப்பவனுக்கும் பாலைவனத்தில் வருபவனுக்கும் அது அடையாளமாக இருந்தது. ஆனால் கலங்கரை விளக்கம் சுற்றிலும் இருள் இருக்கும்போதுதான் பேசும். கரை முழுவதும் எரிந்தால் எது தம் ஊர் என்று மீனவருக்கே தெரிவதில்லை. நம் மினாராவை ஊரார் அறிந்திருப்பது அதிலிருந்து ஒலிக்கும் பாங்கினால். இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் இடையே அது யாரையும் அழைப்பதில்லை. அந்நேரத்தில் அது எரிய வேண்டிய தேவையும் இல்லை.

தேவையற்ற செலவு இஸ்ராஃப் என்பதை நீங்கள் அறிவீர்கள். கணக்கைப் பாருங்கள். மினாராவில் 200 வாட் திறனுள்ள 6 விளக்குகள் ஓர் இரவில் 11 மணி நேரம் எரிகின்றன. ஒரு நாளைக்கு 13.2 யூனிட், ஓர் ஆண்டுக்கு 4,818 யூனிட். இது உங்கள் சந்தாவிலிருந்து, உப்பளத்தில் பலகை பிடித்துக் காய்த்த கைகள் கொடுத்த பணத்திலிருந்து, வானத்திற்கு அனுப்பப்படும் ஒளி.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே பின்வருவனவற்றைப் பொதுக்குழு தீர்மானமாக ஏற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, மினாராவின் 6 விளக்குகளையும் இறக்கிவிடுவோம். பள்ளி வாசலிலும் ஹவுளிலும் பாதையிலும் மேல்மூடியிட்ட இளமஞ்சள் விளக்குகளைப் பொருத்துவோம். இஷா முடிந்து ஒரு மணி நேரத்தில் அவை தாமே அணைந்து, ஃபஜ்ருக்கு ஒரு மணி நேரம் முன்பு தாமே எரியுமாறு செய்வோம். வாசலில் மட்டும் ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் இருக்கட்டும். ரமளானில் இரவுத் தொழுகைக்குப் பள்ளியின் உள்ளே தேவையான ஒளி தடையின்றி இருக்கும்.

இரண்டாவது, வண்ண விளக்குகள் தர முன்வந்த அன்பரிடம் முத்தவல்லி அவர்களும் நாமும் நேரில் பேசுவோம். ஃபஜ்ருக்கு முன் உப்பளத்திற்குச் செல்வோர் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஆள் வரும்போது மட்டும் எரியும் சூரிய மின் விளக்குகள் அமைக்க அத்தொகையைத் தருமாறு வேண்டுவோம். அவருக்குரிய நன்மையில் குறைவு வராது, இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, சனவரி முதல் மே வரை கடற்கரையை நோக்கிய விளக்குகளை இரவில் அணைக்கவோ மூடியிடவோ வேண்டும் என்று பேரூராட்சிக்கும் கரையோர நிறுவனங்களுக்கும் ஜமாஅத்தின் சார்பில் மனு அளிப்போம். மீனவ ஊர்களின் பெரியவர்களையும் உடன் அழைப்போம். முதலில் நம் விளக்கை இறக்கியபின் சென்றால்தான் நம் சொல் எடுபடும்.

நான்காவது, வீடுகளில் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை ஒதுக்கி, அறையை இருட்டாக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.

ஐந்தாவது, வரும் ஷஅபான் 29 மாலை, மஃக்ரிபுக்குப் பின் அரை மணி நேரம் நம் தெருக்களின் வெளிவிளக்குகளை அணைத்து வைப்போம். பிள்ளைகளை உப்பள வரப்புக்கு அழைத்துச் சென்று மேல்வானைக் காட்டுவோம். பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவர்கள் வானத்தைப் பார்த்திருப்பார்கள்.

பகலை உழைப்புக்கும் இரவை ஓய்வுக்கும் படைத்த இறைவன் இரண்டையும் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்துள்ளான். பெற்றதை அடுத்த தலைமுறைக்குக் குறையாமல் கொடுப்பதே அமானிதத்தின் இலக்கணம். அந்தச் சிறுவனின் கேள்விக்கு எம்மிடம் அன்று விடை இல்லை. இக்கூட்டம் முடியும்போது விடை சொல்லும் தகுதியை நமக்குத் தாருங்கள். நாளையே அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, சன்னலில் உள்ள கம்பளியைக் கழற்றலாம் என்று சொல்ல விரும்புகிறோம்.

நம் செயல்களைப் பொருந்திக்கொண்டு, அறிந்தும் அறியாமலும் பிறருக்கும் வாயில்லா உயிர்களுக்கும் நாம் செய்த தீங்குகளை வல்ல அல்லாஹ் மன்னித்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.